ஏழாம் கூண்டின் இரண்டாவது ஆல்பம்

குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடனுக்கு முப்பத்தொன்று. குரு பெண். இதில் எதற்காவது ஆட்சேபம் உள்ளவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கதை அவர்களுக்காகக் காத்திருக்காது.

குருவின் பெயர் ஹாஜரா. தூத்துக்குடியில் ஓர் ஐஸ் பேக்டரியின் மாடியில் ஒலிப்பதிவு ஸ்டூடியோ வைத்திருந்தாள். கீழே நாள் முழுக்க ஐஸ் கட்டி உடைப்பார்கள். மேலே ஒரு சத்தம் வராது. சுவர்களுக்குள் பஞ்சு வைத்து அடைத்தது அவளேதான்.

சீடனின் பெயர் செல்வின். ராப் பாடுகிறவன். மேடையில் அவன் பெயர் ஏழாம் கூண்டு. புயல் வந்தால் துறைமுகத்தில் ஏற்றுவார்களே, அந்தக் கூண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் மாடியேறி வந்தான். கையில் பென் டிரைவ். முகத்தில் புயல் கடந்த மறுநாள்.

"குருவே, ரெண்டாவது ஆல்பத்துல உயிர் இல்ல."

"குருவேன்னு கூப்பிடாதேன்னு சொல்லியிருக்கேன்."

"உயிர் இல்ல குருவே."

ஹாஜரா ஒன்பது பாட்டையும் போட்டுக் கேட்டாள். மூன்று பாட்டு, அவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களைப் பற்றி. இரண்டு பாட்டு, அவர்களை அவன் கண்டுகொள்வதே இல்லை என்பதைப் பற்றி. ஒன்று அவன் அம்மாவைப் பற்றி. மீதி மூன்று, அவனுடைய முதல் ஆல்பத்தைப் பற்றி.

"எப்ப அனுப்பணும்?"

"ஞாயித்துக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்கு. மியூசிக் கம்பெனிக்காரர் சொல்லிட்டாரு, இதுவும் முதல் ஆல்பம் மாதிரி நின்னாத்தான் மூணாவது உண்டாம். இல்லைன்னா நான் மறுபடியும் ஹார்பர் எடைமேடையில லாரி நம்பர் எழுதப் போகணும்."

"முதல் ஆல்பத்துல என்ன இருந்துச்சு?"

செல்வின் சொல்லத் தேவையில்லை. அது ஊருக்கே தெரியும்.

முதல் ஆல்பத்தை அவன் பிறந்த வளவில் பதிவு செய்தான். ஒரு முற்றத்தைச் சுற்றி ஏழு வீடுகள், ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குளியலறை. உள்ளே எதிரொலி நன்றாக இருந்ததால் அதிகாலையில் மைக்கோடு போய்த் தாழ் போட்டுக்கொண்டு பாடுவான். அப்படி ஒரு நாள் பாடும்போது, பக்கத்து வீட்டுச் சீலியக்கா வந்து தகரக் கதவில் மூன்று தட்டுத் தட்டிக் கத்தினாள்.

டம், டம், டம். "ஏல, எவ்ளோ நேரம்ல!"

அது பாட்டில் விழுந்துவிட்டது. பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடியது. கச்சேரிகளில் ஆயிரம் பேர் இரும்புத் தடுப்பில் மூன்று தட்டுத் தட்டி ஒரே குரலில் கத்தினார்கள். பனியன்களில் அச்சடித்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் அந்தக் கத்தலைப் பற்றி இருபத்திரண்டு பக்கக் கட்டுரை வாசித்தார்கள். கத்தியவர் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை.

ஆல்பத்திலும் இல்லை. அதில் நன்றி என்று ஒரு பட்டியல் உண்டு. மைக் இரவல் கொடுத்தவர், டீக்கடைக்காரர், ஒரு பூனை. கடைசி வரி: பின்னணிச் சத்தம், வீடு.

இப்போது செல்வின் புது பிளாட்டில் இருந்தான். அதில் மூன்று குளியலறைகள். எதிலும் யாரும் வந்து கதவைத் தட்டவில்லை.

"அந்த மாதிரி ஒரு சத்தம் வேணும் குருவே. அதுக்கு ஏற்பாடும் பண்ணேன். சென்னையில ஒரு டப்பிங் அம்மாவைக் கத்தச் சொன்னேன்."

"கத்துனாங்களா?"

"பதினாலு விதமாக் கத்துனாங்க. 'சார், இது மாமியாரா, நாத்தனாரா? பின்னாடி அழுகை வருதா?'ன்னு கேட்டாங்க."

அவன் போட்டுக் காட்டினான். பதினான்கும் சுத்தமாக இருந்தன. அவற்றில் ஒன்றுக்குக்கூட அவசரமாகக் குளியலறை தேவைப்படவில்லை.

"பாத்தீங்களா? சொல்லிக்குடுத்துப் பிடிச்சா வராது. கேக்காமப் பிடிக்கணும். கேக்காமப் பிடிச்சதுலதான் உயிர் இருக்கு."



"முதல் ஆல்பத்துல கத்தினது யாரு?" என்றாள் ஹாஜரா.

"சீலியக்கா."

"முழுப் பேரு?"

செல்வின் வாயைத் திறந்தான். மூடினான். ஒரு நிமிடத்தில் நூற்றெண்பது வார்த்தை பாடுகிறவன்.

"சீலியக்கா… சீலியக்காதான்."

ஹாஜரா எல்லா ஸ்விட்சையும் அணைத்தாள்.

"போய்க் கேட்டுட்டு வா."

அவன் மாலையில் அரைக் கிலோ மக்ரூன் இனிப்பு வாங்கிக்கொண்டு வளவுக்குப் போனான். சீலியக்கா வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் வெந்நீரில் முக்கி வைத்திருந்தாள். இறால் கம்பெனியில் நாள் முழுக்க ஐஸ் தண்ணீருக்குள் இறால் உரிக்கிற கைகள். விரல்கள் வீங்கியிருந்தன.

"வால, பெரிய ஆளு. குளிக்கணுமா?"

"இல்லக்கா. சும்மாத்தான். உங்க முழுப் பேரு என்னக்கா?"

"ரேஷன் கார்டுக்கா கேக்க?"

"எங்க குரு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"ஐஸ் பேக்டரி மாடியில இருக்கே, அந்தப் பிள்ளையா? அதுக்காவது கேக்கத் தோணிச்சே. பாக்கியசீலி. எழுதிக்க. உன் ஞானஸ்நானப் போட்டோவுல உன்னை வச்சிட்டு நிக்கிறது நான். முப்பத்தொரு வருசம் கழிச்சுப் பேரு கேக்க."

"கோவமாக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவன் சட்டைப்பை கத்தியது.

டம், டம், டம். ஏல, எவ்ளோ நேரம்ல!

சீலியக்கா சட்டைப்பையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"எடுல. நான்தான் கூப்பிடுதேன் போலிருக்கு."

செல்வின் போனை அமர்த்தினான். கம்பெனிக்காரர்.

"நீ மட்டுமா வச்சிருக்க? எங்க சூப்பர்வைசரும் வச்சிருக்கான்" என்றாள் சீலியக்கா. "இறால் கம்பெனியில கக்கூசுக்கு ஏழு நிமிசம். எட்டாவது நிமிசம் வெளிய நின்னு போனைத் தூக்கிப் பிடிச்சு இதைப் போடுவான். அம்புட்டுப் பேரும் சிரிப்பாங்க. நான் உள்ள இருக்கேன். என் குரலே வந்து என் கதவைத் தட்டுது."

செல்வினின் கண்கள் விரிந்தன. "அக்கா! இது பாட்டுக்கா!" என்று சொல்லிக்கொண்டே போனில் தட்ட ஆரம்பித்தான்.

"என்னத்த எழுதுத?"

அவன் விரல் நின்றது.

"இல்லக்கா… சும்மா."

"நாலு கோடி தடவை கேட்டிருக்காங்களாமே உன் பாட்டை. அதுல ஒருத்தராவது கேட்டாங்களா, அன்னிக்கு எனக்கு பஸ் கெடைச்சுதான்னு?"

"கெடைச்சுதாக்கா?"

"எங்க கெடைக்க? பஸ்ஸு போயிட்டு."

அவள் கையை வெந்நீரிலிருந்து எடுத்துத் துடைத்தாள்.

"நான் கத்தினதை வச்ச, சரி. உள்ள இருந்து நீ சொன்னதை ஏன் வைக்கல?"

"நான் என்னக்கா சொன்னேன்?"

"'ஏன், உங்களுக்கு எந்த பஸ்ஸு?'ன்ன. ஆறரைக்குக் கம்பெனி பஸ்ஸு. பதினாறு வருசமா அதுல போறேன். வளவு நாய்க்குக்கூடத் தெரியும். நீ உள்ள இருந்துக்கிட்டுச் சாவகாசமா, 'ஏன், உங்களுக்கு எந்த பஸ்ஸு?'ங்க."

"எனக்கு ஞாபகமே இல்லக்கா."

"எப்படி இருக்கும்? உனக்கு எந்த பஸ்ஸும் இல்லையே."

ஆனாலும் ஸ்டூடியோவுக்கு வந்து கத்த முடியுமா என்று அவன் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள். லீவு நாள்தான். தன் குரல் குடியிருக்கிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றாள்.

மறுநாள் செல்வின் எல்லாவற்றையும் குருவிடம் ஒப்பித்தான்.

"நான் உள்ள இருந்து சொன்னதை வெட்டினது யாரு குருவே?"

"நான்தான், இதே மேசையில வச்சு. வெட்டச் சொன்னது நீ. 'என் குரல் அதுல கேவலமா இருக்கு'ன்ன."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருபது தடவை போட்டுக் கேட்டுத்தான் ஒரு வரியை வெட்டணும் செல்வின். எனக்கு எப்படி மறக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை சீலியக்கா பூசைக்குக் கட்டின வெள்ளைச் சேலையோடு மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தாள். ஹாஜரா எழுந்து நின்று வரவேற்றாள். செல்வினும் எழுந்து நின்றான், குரு நின்றதால்.

பாடுகிறவர்கள் நின்று பாடுவதற்கு உள்ளே ஒரு சின்ன அறை உண்டு. பூத் என்பார்கள். கனமான கதவு, ஒரு கண்ணாடி ஜன்னல், வெட்கப்படுகிறவர்களுக்காக ஒரு திரை, ஒரு மைக், ஒரு நாற்காலி, ஏசி. சீலியக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"கத்துங்கக்கா" என்றான் செல்வின்.

"தம்பி, எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள் சீலியக்கா, ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் கேட்கிற மாதிரி.

"இப்படியில்லக்கா. கோவமா."

"மெதுவாச் சொன்னாலே கேக்குமாமே இதுல? பிறகு எதுக்குக் கத்தணும்?"

"பாட்டுக்கு வேணும்க்கா. 'எவ்ளோ'வுல அழுத்துங்க. 'நேரம்ல'ங்கிற இடத்துல குரல் மேல போகணும். ஏல, எவ்ளோ நேரம்ல! அப்படி."

"எனக்கே சொல்லித் தாரியா?"

"இல்லக்கா, ஒரு உதவிக்கு…"

"நீ பாடினதைக் கேட்டா நான் கத்துற மாதிரியே இல்ல. பன்னிக்குட்டியை மிதிச்ச மாதிரி இருக்கு."

ஹாஜரா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

பதினோரு தடவை எடுத்தார்கள். பதினோரு தடவையும் சீலியக்கா மரியாதையாக நேரம் விசாரித்தாள். மூன்று மணிக்கு செல்வின் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு வரலல. இங்க யாரு கதவைச் சாத்திக்கிட்டு இருக்கா, நான் கத்துறதுக்கு?" என்ற சீலியக்கா, ஹாஜரா பக்கம் திரும்பினாள். "பிள்ள, இந்தக் கதவைப் பூட்டிட்டா வெளிய தட்டுறது உள்ள கேக்குமா?"

"கேக்காதுக்கா."

"கத்தினா?"

"கேக்காது."

"நான் பேசுறது உங்களுக்கு?"

"மைக்கை அணைச்சுட்டா கேக்காதுக்கா."

சீலியக்கா அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"அணை."

ஹாஜரா அணைத்தாள். சீலியக்கா திரையை இழுத்துவிட்டாள். உள்ளே தாழ் விழுந்தது.

செல்வின் குருவைப் பார்த்தான். "என்ன பண்றாங்க?"

"தெரியாது."

"மைக்கைப் போட்டுப் பாப்போமா?"

"அணைக்கச் சொன்னாங்க."

"சும்மா, ஒரு நிமிசம்…"

"அணைக்கச் சொன்னாங்க செல்வின்."

மூன்றரை ஆனது. செல்வின் நகம் கடித்தான். சரி, கத்தல் வேண்டாம், கடைசிப் பாட்டையாவது திரும்பப் பாடிச் சேர்த்து அனுப்பிவிடலாம் என்றான். தாராளமாகப் பாடு என்றாள் ஹாஜரா.

"எங்க பாட? பூத்துல அக்கா இருக்காங்களே."

"ஆமா."

"வேற பூத் கிடையாதா?"

"ஒண்ணுதான்."

நான்கு மணிக்கு அவன் கதவை மெதுவாகத் தட்டினான். நான்கே காலுக்குக் கொஞ்சம் பலமாகத் தட்டினான். ஹாஜரா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடிக்காமல் மறுபடி நகம் கடித்தான்.

"ஒருத்தங்க எவ்வளவு நேரம்தான் உள்ளயே இருப்பாங்க? வெளிய ஆள் நிக்கிறான்னு ஒரு இது வேண்டாம்?"

ஹாஜரா டீயை ஊதிக் குடித்தாள்.

"பொது இடம் இது. நாலு பேரு பொழங்குற இடம். எனக்கு அஞ்சு மணிக்கு அனுப்பணும். என் பொழப்பே இதுல இருக்கு. உள்ள உக்காந்துக்கிட்டு அவங்களுக்கு என்ன? இந்த அநியாயத்தை யாருட்டயாவது சொல்ல முடியுமா?"

"சொல்லேன்."

"யாருட்ட?"

"அதான் கேக்கேன்."

நான்கு நாற்பதுக்கு அவன் சட்டைப்பையில் போன் கத்தியது. டம், டம், டம். ஏல, எவ்ளோ நேரம்ல! கம்பெனிக்காரர். "அனுப்பிடறேன் சார், அனுப்பிடறேன்" என்று சொல்லிப் போனை நாற்காலியில் எறிந்தான். நேரே கதவுக்குப் போனான். இரண்டு கையாலும் ஓங்கித் தட்டினான். மூன்று தட்டு.

"யக்கா! எவ்ளோ நேரம்க்கா!"

பஞ்சு வைத்த சுவர்கள் அதிர்ந்த மாதிரி இருந்தது. அவன் குரல் கடைசியில் உடைந்து, கொஞ்சம் அழுகையாக, கொஞ்சம் கெஞ்சலாக, மேலே போய் நின்றது. டப்பிங் அம்மாவின் பதினான்கு விதத்திலும் இல்லாத ஒரு விதம்.

உள்ளே திரை அசையவில்லை.

பின்னால் ஒரு சின்ன டிக் சத்தம் கேட்டது. அவன் திரும்பினான். பூத்தில் இருப்பவரோடு பேசுவதற்காக ஹாஜராவின் மேசையில் ஒரு மைக் உண்டு. அது அவன் பக்கமாகத் திரும்பியிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் சிவப்புப் புள்ளி அப்போதுதான் அணைந்தது.

"ரெக்கார்ட் பண்ணீங்களா?"

"ஆமா."

"எப்ப இருந்து?"

"நீ அநியாயம்னு ஆரம்பிச்சே பாரு, அதுக்குக் கொஞ்சம் முந்தியிருந்து."

"என்னைக் கேக்காம எப்படி குருவே பண்ணலாம்?"

"கேக்காமப் பிடிச்சாத்தான் உயிர் இருக்கும்னு சொன்னே."

"அது வேற…" என்று ஆரம்பித்தவன், எப்படி வேறு என்று யோசித்தான். யோசித்துக்கொண்டே நின்றான்.

ஹாஜரா அதைப் போட்டுக் காட்டினாள். கடைசிப் பாட்டின் தாளத்துக்கு மேல் அவன் புலம்பல், நகம் கடிக்கிற சத்தம், சீலியக்காவின் குரலில் அந்தப் போன், அப்புறம் மூன்று தட்டு. யக்கா! எவ்ளோ நேரம்க்கா!

செல்வின் மறுபடி போடச் சொன்னான். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"குருவே, என் குரல் கேவலமா இருக்கு."

"வெட்டிரட்டுமா?"



"வேண்டாம். இதுலதான் உயிர் இருக்கு. ஆனா நான் கேட்டது அவங்க கத்தல். நீங்க பிடிச்சது என் கத்தல்."

"நீ கேட்டது ரெண்டாவது ஆல்பம்."

மணி நான்கு ஐம்பத்தைந்து. செல்வின் பரபரத்தான்.

"அனுப்பிரலாம் குருவே. அஞ்சு நிமிசம் இருக்கு. சேத்து அனுப்பிரலாம்."

"என் விரல் தயாராத்தான் இருக்கு. நன்றிப் பட்டியல்ல என்ன எழுத?"

"பாக்கியசீலின்னு போடுங்க."

"போடலாமான்னு கேட்டியா? போன்ல அவங்க குரல் விழுந்திருக்கு. அதை வச்சுக்கலாமான்னு கேட்டியா?"

செல்வின் கதவைப் பார்த்தான். கடிகாரத்தைப் பார்த்தான். மறுபடி கதவைப் பார்த்தான். நாற்காலியில் கிடந்த போன் மறுபடி கத்த ஆரம்பித்தது. டம், டம், டம். அவன் அதை எடுக்கவில்லை. எடுத்து அமர்த்தவும் இல்லை. அது தன்னால் கத்தி ஓய்ந்தது.

பிறகு கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றான். தட்டவில்லை.

"அவங்க வெளிய வர இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் குருவே?"

ஹாஜரா மிச்சமிருந்த டீயை அவன் கையில் கொடுத்தாள்.

"ஏன், உனக்கு எந்த பஸ்ஸு?"